அறக்கட்டளைச் சொற்பொழிவும் மாணவர் உதவித்தொகை விழாவும்: பல்கலைக்கழகத் துறையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம், மெரினா வளாகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் பொதுச் சொற்பொழிவுகளில் பல, அறக்கட்டளைகளின் பெயரால் நடைபெறுபவை. ஒருவர் தம் பெற்றோர் நினைவாகவோ, தமக்குக் கற்பித்த ஆசிரியர் நினைவாகவோ ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கிறார். அத்தொகை வைப்புநிதியாக வங்கியில் இடப்படுகிறது. முதலைத் தொடாமல், ஆண்டு வட்டியைக் கொண்டு ஒரு சொற்பொழிவும், பல நேரங்களில் அதே மேடையிலேயே மாணவர்களுக்கு உதவித்தொகையோ பரிசோ வழங்கும் நிகழ்வும் நடத்தப்படுகின்றன. இதன் பொறுப்பு பெரும்பாலும் துறைக்குப் புதிதாக வந்த உதவிப் பேராசிரியரின் மேசைக்கே வந்து சேரும். கையில் ஒரு பழைய கோப்பும், "போன வருஷம் செய்த மாதிரியே செய்துவிடுங்கள்" என்ற வாய்மொழி அறிவுரையும் மட்டுமே இருக்கும். இவ்வழிகாட்டி அவருக்காக எழுதப்பட்டது. அறக்கட்டளை நிறுவ எண்ணும் குடும்பத்தினருக்கும் இதன் முற்பகுதி பயன்படும். இங்கே கூறப்படும் நடைமுறை சென்னையை ஒட்டியது. பிற நகரப் பல்கலைக்கழகங்களில் அலுவலர்களின் பதவிப்பெயர்களும் படிவங்களும் சற்று மாறும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. இந்நிகழ்ச்சியில் துறைக்கு இருக்கும் கடமைகள் இரண்டே: கேட்க வந்தவர்களுக்கு ஒரு நல்ல உரை கிடைக்க வேண்டும்; தேர்வான மாணவருக்கு உரிய தொகை உரிய நேரத்தில் கையில் சேர வேண்டும். பொன்னாடை, பூங்கொத்து, பதாகை, நினைவுப்பரிசு ஆகியவற்றுக்கெல்லாம் இவ்விரண்டிற்கும் பிறகே இடம். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுவதால்தான் இத்தனை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இம்மரபின் மதிப்பை உணர்ந்தவர்கள் இதனைச் சடங்காக நடத்த மாட்டார்கள். 1857-இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தில், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1946-47-ஆம் ஆண்டுக்கான சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகளாக ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றைப் பேசினார். அவ்வுரைகள் பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப் பெற்று, தென்கிழக்காசிய வரலாறு படிப்போர் இன்றும் தேடும் நூலாக நிற்கின்றன. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தாகூரின் உயிலால் உருவான தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் நூல்களாக வெளிவந்து நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்டன. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், பின்னாளில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை அதே பல்கலைக்கழகத்துக்கு அளித்து, தம் மனைவி சாரதாவின் பெயரால் நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் இருக்கை ஏற்படச் செய்தார். சம்பளக்காரர் ஒருவரின் ஆயுட்காலச் சேமிப்பு அது. இன்று துறை அலமாரிகளில் இருக்கும் கோப்புகளிலும் இத்தகைய சேமிப்புகளே, சிறிய அளவில், பதிவாகியுள்ளன.

முதற்படி: ஆவணத்தைப் படித்தல்

ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் ஓர் ஒப்பந்த ஆவணமும், அதனை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் (சிண்டிகேட்) தீர்மானமும் உண்டு. துறைக் கோப்பில் பெரும்பாலும் சுருக்கக் குறிப்பு மட்டுமே இருக்கும். முழு ஆவணத்தின் நகலைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பெற வேண்டும். சிலர் இதை வெட்டிவேலை என்பார்கள். ஆனால் பின்னர் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை ஆவணத்தைப் படிக்காததால் வருபவையே.

படிக்கும்போது ஐந்து கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். சொற்பொழிவின் பொருள் வரையறுக்கப்பட்டுள்ளதா? பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார், துறைத்தலைவரா, குழுவா, நிறுவியவரின் குடும்பமும் அதில் இடம்பெறுகிறதா? உதவித்தொகை மதிப்பெண்ணுக்கா, வறுமைக்கா, இரண்டுக்குமா? ஓராண்டு நடத்தப்படாவிட்டால் அவ்வாண்டு வட்டி எங்கே போகிறது? உரையை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான விடை 'ஆம்' என்று ஆவணத்தில் இருந்தும், பல ஆண்டுகள் எதுவும் அச்சாகாமல் கிடக்கும் அறக்கட்டளைகள் உண்டு.

பழைய ஆவணங்கள் சிலவற்றில், குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்த மாணவருக்கு மட்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். இதனைத் துறை அளவில் விருப்பம்போல் தளர்த்தவும் கூடாது, கண்மூடிப் பின்பற்றவும் கூடாது. எழுத்துமூலம் பதிவாளருக்கு அனுப்பி, சட்டக் கருத்துப் பெற்று, வேண்டுமாயின் ஆட்சிக்குழுவின் திருத்தத் தீர்மானத்துக்குப் பின் நடப்பதே முறை.

புதிதாக அறக்கட்டளை நிறுவுவோருக்கு ஒரு வேண்டுகோள். நிபந்தனைகளைக் குறைவாக எழுதுங்கள். 'பக்தி இலக்கியத்தில் நிலையாமை' என்று பொருளைக் குறுக்கிவிட்டால், பத்தாவது ஆண்டில் பேச ஆள் கிடைப்பதும் அரிது, கேட்க ஆள் கிடைப்பதும் அரிது. 'தமிழ் இலக்கியம்' என்ற அளவில் விட்டுவிடுங்கள். குடும்பத்தினர் உதவித்தொகைத் தேர்வில் தலையிடும் உரிமையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுதோறும் கணக்கு அறியும் உரிமையை மட்டும் கட்டாயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வட்டியை அறிதல்

நிதி அலுவலருக்குக் கடிதம் எழுதி, முதல் எவ்வளவு, வைப்புநிதி எப்போது முதிர்கிறது, இவ்வாண்டு வட்டி எவ்வளவு, சென்ற ஆண்டுகளின் மிச்சம் ஏதும் உண்டா என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஆகஸ்டுக்குள் இக்கடிதம் சென்றுவிட்டால் விடை வருவதற்குப் போதிய அவகாசம் இருக்கும்.

கணக்கு எப்படி அமையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதல் 5,00,000 ரூபாய், வட்டி 6.5 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 32,500 ரூபாய் கிடைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 3,250 ரூபாயை, முதலோடு சேர்த்துவிட வேண்டும். மீதி 29,250. மாணவர் இருவருக்குத் தலா 8,000 கொடுத்தால் எஞ்சுவது 13,250. பேச்சாளரின் மதிப்பூதியம் 5,000, பயணச் செலவு 2,000, அழைப்பிதழும் பதாகையும் 1,500, அறுபது பேருக்குத் தேநீரும் சிற்றுண்டியும் தலைக்கு 20 ரூபாய் வீதம் 1,200 என்று கழித்தால் கையில் நிற்பது 3,550 ரூபாய். இதைக் கொண்டு ஒரு சிறுநூல் அச்சிட முடியாது. மூன்றாண்டு உரைகளைத் தொகுத்து ஒரே நூலாக்குவது முடியும். பொன்னாடைகளும் நினைவுப்பரிசுகளும் பெருகும்போது அவை எதனைத் தின்கின்றன என்பதும் இக்கணக்கைப் பார்த்தாலே விளங்கும்.

முதலோடு ஒரு பங்கு சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் 10,000 ரூபாய் பெருந்தொகை. அதன் வட்டியில் பேச்சாளரை வெளியூரிலிருந்து வரவழைத்து விழா நடத்தலாம். இன்று அதே முதலுக்கு ஆண்டு வட்டி 650 ரூபாய். அத்தகைய அறக்கட்டளைகளின் பெயரால் எதுவுமே நடக்காமல் வட்டி மட்டும் தேங்கிக் கிடக்கும். ஒரே துறைக்கு உரிய சிறு அறக்கட்டளைகள் மூன்று நான்கு இருப்பின், ஆட்சிக்குழு ஒப்புதலுடன் அவற்றை ஒரே நாளில், ஒரே மேடையில் இணைத்து நடத்தலாம். அழைப்பிதழிலும் நூலிலும் ஒவ்வொரு நிறுவனரின் பெயரும் தனித்தனியே இடம்பெற வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது.

மூன்றாம் படி: மாணவர் தேர்வு

பேச்சாளரைத் தேடுவதற்கு முன்பே இதனைத் தொடங்க வேண்டும். காரணம் எளிது: பேச்சாளரின் ஒப்புதல் ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்துவிடலாம், மாணவரின் சான்றிதழ்களும் வங்கிக் கணக்கும் ஒழுங்காவதற்கு ஆறு வாரமாவது வேண்டும்.

மதிப்பெண் அடிப்படையிலான பரிசு என்றால் வேலை குறைவு. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து தரவரிசை பெற்று, நிலுவைத் தாள் இன்றி முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்தானா என்று சரிபார்த்தால் போதும். இருவர் சமமாக இருந்தால் பகிர்ந்தளிப்பதா, எந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு தீர்மானிப்பது என்பதை முடிவு வருமுன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தேவையும் தகுதியும் சேர்ந்த உதவித்தொகைக்கே கவனம் மிகுதியாக வேண்டும். அறிவிப்பு, துறைப் பலகையில் ஒட்டப்படுவதோடு நில்லாமல், வகுப்புகளில் வாய்மொழியாகவும் சொல்லப்பட வேண்டும்; ஏனெனில் கேட்கத் தயங்கும் மாணவர்தான் பெரும்பாலும் உரியவர். விண்ணப்பம் ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கேட்க வேண்டியவை: மதிப்பெண் சான்று, துறை வழங்கும் படிப்புச் சான்று, வருமானச் சான்று, பெற்றுவரும் பிற உதவிகள் பற்றிய உறுதிமொழி, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்க நகல். 'என் வறுமை நிலையை விளக்கி ஒரு பக்கக் கட்டுரை' என்பது போன்றவற்றைக் கேட்க வேண்டாம். நன்றாக எழுதத் தெரிந்தவருக்கே அது சாதகமாகும். எழுதுபவருக்கு மனக்கசப்பையும் தரும்.

வருமானச் சான்றிதழ் இ-சேவை மையத்தின் வழியே விண்ணப்பித்து, வருவாய்த் துறையின் ஆய்வுக்குப் பின் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இணையவழியில் வருகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரின் சொந்த ஊர் தருமபுரியிலோ இராமநாதபுரத்திலோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க அவருடைய பெற்றோர் ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். ஆகவே விண்ணப்பத்துக்குப் பத்து நாள் மட்டும் கெடு வைப்பது, உரியவர்களை வெளியே நிறுத்துவதற்குச் சமம். சான்றிதழ் வருவதற்கு முன்பே, விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டை ஏற்று, இறுதிப் பட்டியலுக்கு முன் மூலச்சான்றைத் தந்தால் போதும் என்று அனுமதிக்கலாம்.

அரசு உதவிகளோடு இது மோதுமா என்ற ஐயம் எப்போதும் எழும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவருக்கான பள்ளி மேற்படிப்பு (போஸ்ட் மெட்ரிக்) உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகை, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை எனப் பல திட்டங்கள் உள்ளன. ஆவணத்தில் வெளிப்படையான தடை இல்லாதபோது, இவற்றைப் பெறுபவரை ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு செய்தி இங்கே குறிப்பிடத்தக்கது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. இது இளநிலைப் படிப்போடு நின்றுவிடும். அதே மாணவி முதுகலைக்குப் பல்கலைக்கழகத் துறையில் சேரும்போது, ரயில் கட்டணத்துக்கும் நகலெடுக்கும் செலவுக்கும் உதவிவந்த அந்த ஆயிரம் ரூபாய் நின்றுபோயிருக்கும். முதுகலை முதலாண்டு மாணவருக்கு அறக்கட்டளை உதவியில் முன்னுரிமை தருவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

தேர்வுக் குழுவில் மூவர் இருக்கட்டும். ஒருவர் வேறு துறையினராக இருப்பது நல்லது. குழுவின் முடிவைக் காரணத்தோடு இரண்டு வரியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் பெயரும் இருக்க வேண்டும். இடையில் படிப்பை விட்டு ஆசிரியப் பயிற்சிக்கோ வேலைக்கோ செல்பவர்கள் உண்டு.

இனி வங்கிக் கணக்கு. அனுப்பிய தொகை திரும்பி வருவதற்கு நம் நாட்டுப் பெயர்முறையே முதற்காரணம். மதிப்பெண் சான்றில் 'எஸ். கார்த்திகா' என்றிருக்கும், ஆதாரில் 'கார்த்திகா சங்கர்' என்று தந்தையின் பெயர் பின்னால் விரிந்திருக்கும், வங்கியில் 'கார்த்திகா எஸ்' என்றிருக்கும், பள்ளிக்காலத்தில் திறந்த கணக்காயின் 'கார்த்திகா மைனர்' என்றே நின்றிருக்கவும் கூடும். மூன்றும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். நிதிப் பிரிவின் எழுத்தருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அனுமதி ஆணையில் மாணவரின் பெயரை வங்கிக் கணக்கில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதி, அடைப்புக்குறிக்குள் மதிப்பெண் சான்றின்படியான பெயரையும் பதிவு எண்ணையும் சேர்க்க வேண்டும். கணக்கு இயக்கத்தில் இருக்கிறதா என்பதை ஒரு சிறு தொகையைப் போடவோ எடுக்கவோ செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு மாணவரிடம் சொல்ல வேண்டும்; ஓரிரு ஆண்டு தொடாத கணக்கை வங்கி முடக்கி வைத்திருக்கும். கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். தந்தையின் கணக்கில் நகைக்கடனோ பயிர்க்கடனோ நிலுவை இருப்பின், உதவித்தொகை அதில் வரவாகிய உடனே கழிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

நான்காம் படி: பேச்சாளர்

பேச்சாளரிடம் மூன்று மாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் அறக்கட்டளையின் வரலாறு, பொருள் வரையறை, உரைக்கான நேரம், அவையில் அமர்பவர் யார், மதிப்பூதியம் எவ்வளவு, உரையின் எழுத்து வடிவம் எப்போது வேண்டும், ஒளிப்பதிவு செய்யவும் அச்சிடவும் இசைகிறாரா என்பவை அனைத்தும் இடம்பெற வேண்டும். மதிப்பூதியத் தொகையைச் சொல்லக் கூச்சப்படுவது நம்மிடையே உள்ள வழக்கம். சொல்லிவிடுவதே இருவருக்கும் நல்லது.

யாரை அழைப்பது? மேடைப்பேச்சால் புகழ்பெற்றவரை அழைத்தால் அரங்கு நிரம்பும். ஆனால் அவர் சென்ற வாரம் வேறோர் ஊரில் பேசியதையே இங்கும் பேசிவிட்டுப் போவார். ஒரு பொருளில் பத்தாண்டு உழைத்த ஆய்வாளரை, அவர் சற்றுத் தயங்கித் தயங்கிப் பேசுபவராயினும், அழைப்பதையே நான் விரும்புவேன். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒருவர் தம் ஆய்வின் முடிவை முதன்முதலாகப் பொதுமக்கள்முன் வைக்கும் இடமாக இருக்க வேண்டும். கல்வெட்டு அறிஞர், பதிப்பாசிரியர், ஓய்வுபெற்ற அருங்காட்சியகக் காப்பாளர், கள ஆய்வு செய்யும் மானிடவியலாளர் எனப் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் தேடலாம். சொந்தத் துறையில் ஓய்வுபெற்றவர்களையே சுழற்சி முறையில் அழைப்பது எளிதுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறைக்கு மேல் அதனைச் செய்தால் அவை நீர்த்துப்போகும்.

எழுத்து வடிவத்தை நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டு வாங்குவதுதான் கடினமான வேலை. "பேசி முடித்துவிட்டு எழுதித் தருகிறேன்" என்பவர்களில் பெரும்பாலோர் எழுதித் தருவதில்லை. முழுக் கட்டுரை இயலாவிடினும் பத்துப் பக்கமும் சான்றுப் பட்டியலும் முன்கூட்டியே வந்துவிட்டால், பின்னர் ஒலிப்பதிவோடு சேர்த்து நூலாக்கிவிடலாம்.

ஐந்தாம் படி: நாள், நேரம், அரங்கு

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால், செலவழிக்காத வட்டி திரும்பிவிடும் என்ற அச்சத்தில் துறைகள் எல்லாம் மார்ச்சில் விழித்துக்கொள்கின்றன. ஒரே வாரத்தில் மூன்று சொற்பொழிவுகள், ஒரே மாணவர்கள், ஒரே சுண்டல். தேர்வு நெருங்கும் காலத்தில் அம்மாணவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஆகஸ்டின் பிற்பகுதியும் செப்டம்பரும் நல்ல காலம். அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை எந்நாளிலும் விடுமுறையை வரவழைக்கலாம். பொங்கலுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களும் பொருந்தும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முற்பகல் 10.30 என்பது வசதியானது போலத் தோன்றினாலும் அது பொதுமக்களை விலக்கிவிடுகிறது. மாலை 5 மணி திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிப் பெரியவர்களுக்கு ஏற்றது. ஆனால் அரக்கோணத்துக்கும் செங்கல்பட்டுக்கும் புறநகர் ரயிலில் திரும்ப வேண்டிய மாணவியர் எழுந்து போய்விடுவார்கள். பிற்பகல் 2.30-க்குத் தொடங்கி 4.30-க்குள் முடிப்பது இரு சாராருக்கும் ஓரளவு இசைவானது. சேப்பாக்கம் வளாகமாயின், அருகிலுள்ள கிரிக்கெட் மைதானத்தில் அன்று ஆட்டம் உண்டா என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஆட்ட நாளில் வாலாஜா சாலையில் வண்டி நகராது.

ஐம்பது பேர் வரும் நிகழ்ச்சிக்கு நூற்றாண்டு விழா மண்டபம் வேண்டாம். அத்தனை பெரிய அரங்கில் அவர்கள் பின்வரிசைகளில் சிதறி அமர்வார்கள். பேச்சாளர் வெறும் நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவார். துறையின் கருத்தரங்க அறை நிறைந்து, நான்கு பேர் வாசலில் நின்று கேட்டால் அது நல்ல கூட்டம்.

அவையைத் திரட்டுவதில் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றிவிட்டது. 'பங்கேற்போர் அனைவருக்கும் மின்சான்றிதழ் வழங்கப்படும்' என்று அழைப்பிதழில் அச்சிடுவதால், படிவத்தை நிரப்பும் இணைப்பு வரும்வரை மட்டுமே அமர்ந்திருக்கும் கூட்டம் சேர்கிறது. சான்றிதழை நிறுத்திவிட்டு, பேச்சின் பொருளை அழைப்பிதழில் நான்கு வரியில் தெளிவாக எழுதுங்கள். நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கு மூன்று நாள் முன்னதாக அனுப்புங்கள். அதைப் பார்த்து வரும் பத்துப் பெரியவர்கள் கேட்கும் கேள்விகளே பல நேரங்களில் அன்றைய நிகழ்ச்சியின் சிறந்த பகுதியாக அமையும்.

ஆறாம் படி: அழைப்பிதழும் நிகழ்ச்சி நிரலும்

அழைப்பிதழில் அறக்கட்டளையின் பெயரும் பேச்சாளரின் பெயரும் தலைப்பும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதவி வரிசையைப் பதிவாளர் அலுவலகத்தில் காட்டி ஒப்புதல் பெற்ற பின்பே அச்சுக்கு அனுப்ப வேண்டும். துணைவேந்தர் பணியிடம் காலியாக இருந்து ஒருங்கிணைப்புக் குழு பொறுப்பில் இருக்கும் காலங்களில் யார் பெயர் எவ்விடத்தில் வரும் என்பது நுட்பமான செய்தி. உதவித்தொகை பெறும் மாணவர்களின் பெயர்களையும் அழைப்பிதழில் அச்சிடுங்கள். மாணவர்கள் அதனை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள்.

நிரலை நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். நான் பரிந்துரைப்பது: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு 5 நிமிடம், அறக்கட்டளை பற்றிய குறிப்பு 3 நிமிடம், உதவித்தொகை வழங்கல் 15 நிமிடம், தலைமையுரை 7 நிமிடம், சொற்பொழிவு 50 நிமிடம், வினாவும் விடையும் 20 நிமிடம், நன்றி 3 நிமிடம், நாட்டுப்பண். 2.30-க்குத் தொடங்கினால் 4.20-க்குள் முடிந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடியில், இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்பது அதனை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணையின் அறிவுறுத்தல். இரு மாணவர்களை முதல் நாளே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.

உதவித்தொகை வழங்கலைச் சொற்பொழிவுக்கு முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. வேறு பணி இருக்கும் தலைவர்கள் அதன்பின் விடைபெறலாம். பேச்சாளரின் உரையை யாரும் "சுருக்கமாக" என்று சீட்டு அனுப்பித் துண்டிக்க வேண்டியிராது. ஊரிலிருந்து வந்த பெற்றோர் தம் பிள்ளையின் பெயர் அழைக்கப்படுவதற்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம். வாழ்த்துரை என்ற பெயரில் மேடையில் இருப்போர் அனைவருக்கும் ஒலிவாங்கியைக் கொடுக்கும் வழக்கத்தை மறுத்துவிடுங்கள். ஐவர் வாழ்த்தினால் சொற்பொழிவுக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். நிறுவனர் குடும்பத்தார் ஒருவருக்கு மட்டும் ஐந்து நிமிடம் தருவது முறையும் மரியாதையும் ஆகும்.

ஏழாம் படி: அந்த நாள்

ஒலிபெருக்கி, படவீழ்த்தி, குடிநீர், பேச்சாளரை அழைத்துவரும் வண்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி மாணவரைப் பொறுப்பாக்கிவிட்டால் ஒருங்கிணைப்பாளர் நிம்மதியாக இருக்கலாம். இதைப் பற்றி மேலும் சொல்வதற்கில்லை.

மேடையில் மாணவரை அழைக்கும் முறை பற்றிச் சொல்ல வேண்டும். 'தந்தையை இழந்த, தாய் வீட்டுவேலை செய்து படிக்க வைக்கும்' என்று ஒலிபெருக்கியில் அறிமுகம் செய்வதைப் பலர் உருக்கமானது என்று நினைக்கிறார்கள். அதைக் கேட்டபடி நூறு பேர்முன் நடந்து வரும் இருபத்தோரு வயது மாணவிக்கு அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர், படிப்பு, ஆய்வில் ஆர்வமுள்ள துறை, பெற்ற சிறப்பு ஆகியவற்றை மட்டும் சொல்லுங்கள். வருமான விவரம் தேர்வுக் குழுவின் கோப்போடு நிற்க வேண்டியது. இரண்டடி நீள மாதிரிக் காசோலைக்கும் இதே நியாயம் பொருந்தும். மாணவர் கையில் தர வேண்டியது, அவர் பின்னாளில் வேலை விண்ணப்பத்தில் இணைக்கக்கூடிய, அறக்கட்டளையின் பெயரும் ஆண்டும் தேர்வுக்கான தகுதியும் குறித்த ஒரு சான்றிதழ். பணம் அன்று காலைக்குள் வங்கியில் வரவாகியிருக்க வேண்டும். 'தொகை பின்னர் அனுப்பப்படும்' என்று மேடையில் அறிவிக்கும் நிலை வந்தால், விழாவை இரண்டு வாரம் தள்ளிவைப்பதே மேல்.

வினா நேரத்தில் முதல் இரண்டு கேள்விகளை மாணவருக்கு ஒதுக்குங்கள். கேள்வி என்று எழுந்து தாமே ஓர் உரை நிகழ்த்தும் அன்பர் எல்லா அவையிலும் இருப்பார். அவரிடம், "ஐயா, கேள்வியை மட்டும் சொல்லுங்கள், மற்றதைத் தேநீரின்போது பேசிக்கொள்ளலாம்" என்று புன்னகையோடு சொல்லும் துணிவு தலைமை வகிப்பவருக்கு வேண்டும்.

எட்டாம் படி: கணக்கும் அச்சும்

முன்பணம் பெற்றிருந்தால், செலவுச் சீட்டுகளைப் பதினைந்து நாளுக்குள் ஒப்படைத்துவிடுவது நல்லது. மதிப்பூதியம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால் பற்றுச்சீட்டில் ஒரு ரூபாய் வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) ஒட்டிக் கையொப்பம் பெற வேண்டும். அஞ்சலகத்தில் முன்கூட்டியே நாலைந்து வில்லைகளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தேடும்போது கிடைக்காத பொருள் அது. தேநீர்க்கடையின் துண்டுச்சீட்டைத் தணிக்கையாளர் ஏற்க மாட்டார். தேதியும் வரிசை எண்ணும் உள்ள ரசீது வேண்டும். பயனீட்டுச் சான்றிதழில் வட்டி வரவு, செலவு, முதலோடு சேர்த்த தொகை, மிச்சம் ஆகிய நான்கும் தனித்தனியே காட்டப்பட வேண்டும்.

ஒளிப்பதிவை அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதக் கூடாது. முதல் பத்து நிமிட மாலை மரியாதைகளை நீக்கி, பேச்சாளர் பெயரும் தலைப்பும் ஆண்டும் தெளிவாக எழுதி ஏற்றினால்தான் தேடுவோருக்குக் கிடைக்கும். அச்சைப் பொறுத்தவரை, டெம்மி அளவில் 48 பக்கச் சிறுநூலே போதுமானது. மேற்கோள்களைச் சரிபார்க்கும் வேலையை முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் பெயரையும் முன்னுரையில் குறிப்பிடுங்கள். பல்கலைக்கழக நூலகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு படிகள் கட்டாயம் செல்ல வேண்டும். உரை நடந்த ஆண்டும் நூல் வெளிவந்த ஆண்டும் வேறுபட்டால் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இரண்டையும் குறிப்பது பிற்கால ஆய்வாளருக்குச் செய்யும் உதவி.

நிறுவனர் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வட்டி எவ்வளவு வந்தது, எப்படிச் செலவாயிற்று, யார் பேசினார், எந்த மாணவர்கள் பெற்றனர் என்ற விவரத்தோடு, மாணவர்கள் விரும்பினால் தம் கையால் எழுதிய இரண்டு வரியையும் இணைக்கலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். முதல் சுருங்கிப்போன அறக்கட்டளையாயின், கூடுதல் தொகை அளிக்க இயலுமா என்று அதே கடிதத்தில் கேட்பதில் தவறில்லை. கணக்கு ஒழுங்காக வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இறுதியாகக் கோப்பு. ஒப்பந்த ஆவண நகல், ஆட்சிக்குழுத் தீர்மானம், நிதி அலுவலரின் வட்டிக் கடிதம், தேர்வுக் குழுவின் முடிவு, அழைப்பிதழ், பற்றுச்சீட்டுகளின் நகல், பயனீட்டுச் சான்றிதழ், உரையின் எழுத்து வடிவம் ஆகியவை இந்த வரிசையிலேயே பக்க எண்ணிட்டு இருக்க வேண்டும். மாணவர்களின் வருமானச் சான்றுகளையும் வங்கி விவரங்களையும் இதில் சேர்க்காமல் தனி உறையிலிட்டு முத்திரையிட்டு வைக்க வேண்டும்; பொதுக்கோப்பு பலர் கைக்குப் போவது. அடுத்த ஆண்டு வட்டி விவரம் கேட்டு நிதி அலுவலருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவையும் கோப்பின் மேல்பக்கத்தில் வைத்துவிட்டால், ஜூலையில் பொறுப்பேற்பவர் தேதியை மட்டும் மாற்றிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடலாம்.